ரெம்கோவை ரெட் புல் ‘வாங்கியது’ என்று எழுதலாமா? சைக்கிள் அணி மாற்றக் கணக்கு

தூத்தூர் ஸ்ட்ரைக்கர்

பந்துகளி (கால்பந்து) பக்கமிருந்து கேட்கிறேன், யாரும் சிரிக்காண்டாம். ரெம்கோ எவனபூல் 2026 முதல் ரெட் புல்-போரா-ஹன்ஸ்குரோஹே அணிக்குப் போகிறார் என்று 2025 ஆகஸ்ட் 5 அன்று அறிவித்தார்கள். சூடால் குயிக்-ஸ்டெப்போடு அவருக்கு 2026 கடைசி வரை ஒப்பந்தம் இருந்தது. அப்படியென்றால் மீதி ஒரு வருசத்தை ரெட் புல் காசு கொடுத்து வாங்கியது என்றுதானே அர்த்தம்? பந்தில் கிளப்புக்குக் கிளப் பணம் கைமாறும், எவ்வளவு என்று மறுநாளே பேப்பரில் வந்துவிடும். சைக்கிளில் ஒருத்தர் “டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் என்று ஒன்றே கிடையாது” என்கிறார், இன்னொருத்தர் “பை-அவுட்” என்கிறார். எது சரி?

முப்பந்தல் காத்து

ரெண்டும் சரி, ரெண்டும் பாதி.

சைக்கிளில் ஒப்பந்தம் எல்லாம் டிசம்பர் 31-ல்தான் முடியும். ஒரு வருசமானாலும் ஐந்து வருசமானாலும் முடிகிற தேதி அதுதான். மறுநாள் ஜனவரி 1, புது ஜெர்சி. பெரும்பாலான வீரர்கள் இப்படித்தான் மாறுகிறார்கள். பழைய அணிக்குச் சல்லிக்காசு கிடைக்காது. 1995 போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு பந்தில் ஒப்பந்தம் முடிந்தவருக்கு என்ன நிலைமையோ அதேதான். ஆனால் பந்தில் கிளப்புகள் ஒப்பந்தம் முடியுமுன்னே ஆளை விற்றுவிடும், அந்த வரவை நம்பியே பட்ஜெட் போடும். சைக்கிளில் அந்தச் சந்தை கிடையாது. உலகச் சைக்கிள் கூட்டமைப்பான யு.சி.ஐ. அப்படி விலைபேசி ஆள் மாற்றும் முறையை வைத்துக்கொள்ளவில்லை.

முடியுமுன்னே போகணுமென்றால் மூன்று பேர் சம்மதம் எழுத்தில் வேணும்: இப்போதைய அணி, வீரர், புது அணி. அதற்குமேல் யு.சி.ஐ. ஒப்புதல். அந்தச் சம்மதத்துக்குப் பழைய அணி கேட்கிற ஈட்டுத்தொகைதான் பை-அவுட். பிராட்லி விக்கின்ஸ் கார்மின் அணியிலிருந்து ஸ்கைக்குப் போனது (2009 டிசம்பர்), ரோக்லிச் ஜம்போ-விஸ்மாவிலிருந்து போராவுக்கு (பிறகு ரெட் புல் ஆன அதே அணி) போனது (2023 அக்டோபர்), ரெம்கோ போனது, எல்லாம் இந்த வகை.

எண் வெளியே வராததற்குக் காரணம், அதைச் சொல்லியே ஆகணும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. பேப்பரில் ஒரு தொகையைப் பார்த்தால், பேரத்தில் ஏதோ ஒரு பக்கம் வேணுமென்றே கசியவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்க.

கொளச்சல் ரோடு

ஸ்ட்ரைக்கர் மக்கா, நம்ம கடற்கரைக் கணக்கில் சொல்லுகேன். விசைப்படகில் போகிற ஆளுக்கு ஓனர் முன்பணம் கொடுத்திருப்பார். இவன் வேற படகுக்குப் போகணுமென்றால் புது ஓனர் அந்த முன்பணத்தைப் பழைய ஓனருக்கு அடைத்துவிட்டு ஆளைக் கூட்டிட்டுப் போவார். ஆளை விற்றதாக யாரும் சொல்ல மாட்டாங்க, “பற்றை அடைத்துக் கூட்டிட்டு வந்தேன்” என்பாங்க. பை-அவுட்டும் அதுதான்.

முப்பந்தல் காத்து

உவமை கொள்ளாம், ஆனா ஒரு இடத்தில் இடிக்குது அண்ணாச்சி. முன்பணம் தொழிலாளி தலையில் இருக்கிற கடன். சைக்கிள் வீரர் பழைய அணிக்கு எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. அவர் தரவேண்டியது இன்னும் ஒரு வருச உழைப்பு மட்டும்.

தானாகவே ஒப்பந்தத்தை முறித்தால்தான் அவர் தலையில் கடன் ஏறும். அதற்கு வூட் வான் ஆர்ட் வழக்கைப் பாருங்க. ஸ்னைப்பர் சைக்கிளிங் நிறுவனத்தோடு 2019 கடைசி வரை ஒப்பந்தம். அணி இன்னொரு அணியோடு இணையப்போகிறது என்று தெரிந்ததும் 2018 செப்டம்பரில் ஒருதலையாக முறித்தார். 2019 மார்ச் 1-ல் ஜம்போ-விஸ்மாவில் சேர்ந்தார். கீழ்க்கோர்ட் அவர் பக்கம் நின்றது. 2020 ஜூனில் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறி, 6,62,000 யூரோ கட்டச் சொன்னார்கள். புது அணி அடைத்துக் கூட்டிட்டு வரவில்லை, ஆள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தார், பில் பிறகு வந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது, தீர்ப்பைச் சொன்னது பெல்ஜியத் தொழிலாளர் நீதிமன்றம். யு.சி.ஐ. விதிப்புத்தகம் ஒரு பக்கம் இருந்தாலும் ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தில் நிற்கிறதோ அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம்தான் கடைசியில் பேசும். அணி எந்த நாட்டில் பதிந்திருக்கிறது என்று ஏஜென்ட் முதலில் கேட்பது இதனால்தான்.

குலசேகரம் மலையேறி

மூன்றாவது ஒரு வகையும் இருக்கு: ரெண்டு அணியும் ஒரே ஆளை எங்களுடையவர் என்பது.

சியான் ஆய்ட்டெப்ரூக்ஸ், 2023 டிசம்பர். போராவில் 2024 கடைசி வரை ஒப்பந்தம். டிசம்பர் 9-ல் விஸ்மா தரப்பு “வருகிறார்” என்று அறிவிக்கிறது, அதே நாளில் போரா “2024 முழுக்க எங்களோடுதான்” என்று அறிவிக்கிறது. வீரர் தரப்பு, டிசம்பர் 1-லேயே முறித்தாகிவிட்டது என்கிறது. மாதக் கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள்.

அது வழக்காக இழுக்காமல் ஏன் சீக்கிரம் முடிந்தது? டிசம்பரில் ரெண்டு அணியுமே அவசரத்தில் இருக்கும். போராவுக்கு, வர விரும்பாத ஆளுக்குச் சம்பளம் கொடுத்து வீட்டில் உட்காரவைப்பதில் லாபமில்லை. விஸ்மாவுக்கு, ஜனவரியில் பதிவாகாத ஆளை ஓட்டவைக்க முடியாது. காலம் யாருக்கு அதிகமாக எரிகிறதோ அவர் விலையில் இறங்குவார். ரப்பர் பால்வெட்டு ஆளை மழைக்காலத்தில் பிடித்துவைத்து என்ன செய்ய? அதே நியாயம்.

தூத்தூர் ஸ்ட்ரைக்கர்

இந்த ஆகஸ்ட் 1 விசயத்தை யாராவது தெளிவாச் சொல்லுங்க. ஜூலையில் டூர் டி பிரான்ஸ் ஓடும்போதே “இன்னார் இன்ன அணிக்கு” என்று எல்லாச் சேனலும் சொல்லுது. பிறகு ஆகஸ்ட் 1-ல் புதுச்செய்தி மாதிரி அறிவிக்கிறாங்க. என்ன நாடகம்?

ஆரல் எதிர்காத்து

நாடகம்தான், ஆனா பிரயோசனமுள்ள நாடகம்.

அடுத்த சீசனுக்கான மாற்றக்காலம் ஆகஸ்ட் 1-ல் திறந்து டிசம்பர் 31-ல் அடையும். நம்ம கணக்கில் ஆடி பாதியில் திறப்பு, மார்கழி பாதியில் அடைப்பு. ஐரோப்பாவில் நள்ளிரவு 12 என்றால் நமக்கு அதிகாலை 3.30, ஆகவே முப்பந்தல் காற்றாடி இரைகிற நேரத்தில் விழித்திருந்து பார்க்கிறவர்களுக்கு முதல் அறிவிப்பு கிடைக்கும். பேச்சுவார்த்தை வசந்தகால ஒருநாள் போட்டிகள் நடக்கும்போதே ஓடத் தொடங்கிவிடும். டூருக்கு முன்னே பெரிய பெயர்களின் விசயம் பேசி முடிந்திருக்கும். ஆகஸ்ட் 1-க்கு முன் அறிவிக்கக்கூடாது என்ற தடையின் நோக்கம், ஜூலையில் ஒரே பெலட்டனில் (போட்டிக் கூட்டத்தில்) ஓடுகிற ஆள் அடுத்த வருச முதலாளிக்கு உதவினாரா என்ற சந்தேகம் பகிரங்கமாக வரக்கூடாது என்பது. சந்தேகம் எப்படியும் வரத்தான் செய்யும். 2020-ல் கிறிஸ் புரூம் இனியோஸை விட்டு இஸ்ரேல் ஸ்டார்ட்-அப் நேஷனுக்குப் போவது ஜூலை 9-லேயே வெளிப்படையாக வந்தது.

இன்னொரு சின்ன வாசல் இருக்கு, பலபேர் கவனிக்கிறதில்லை. சீசன் நடுவிலேயே மாறுவதற்கு ஆகஸ்ட் முதல் பாதியில் ஒரு இடைவெளி. 2024-ல் ஆல்பெர்ட்டோ பெட்டியோல் இ.எஃப். அணியிலிருந்து அஸ்தானாவுக்குப் போனது இந்த வழியில்தான். அவர் ஜனவரி வரை காத்திருக்கவில்லை. அது ஏன் என்பதைப் புள்ளிக் கணக்கு பேசுகிறவர்கள் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 1-லிருந்து பயிற்சி வீரர்களும் வரலாம். சிறிய அணி வீரர் ஒருவர் பெரிய அணியின் ஜெர்சியில் வருசக் கடைசி வரை ஓடிப்பார்க்கலாம். அவர்களில் யார் பெயர் செப்டம்பரில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால் அடுத்த வருசப் புதுமுகத்தை ஓரளவு யூகிக்கலாம்.

பார்வதிபுரம் பெடல்

உச்சாணியில் இருக்கிற நாலுபேர் சம்பளத்தையே எல்லாரும் பேசுறீங்க. அடிமட்டத்தைப் பார்ப்போம், அங்கேதான் விதி நிஜமாகவே வேலை செய்யுது.

அணிகள் சங்கமும் வீரர்கள் சங்கமும் பேசிப் போட்ட உடன்பாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் இருக்கிறது. 2023-ல் ஆண்கள் வேர்ல்டு டீம் (உச்சப் படி அணி) வீரருக்கு வருசம் 40,045 யூரோ, புதுமுகத்துக்கு 32,102. அதற்கடுத்த படியான புரோ டீமில் 32,102, புதுமுகத்துக்கு 26,849. பிறகு வருசாவருசம் ஏறியிருக்கு.

இதில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று. மேலே சொன்னது மாதச் சம்பளக்காரராக அணி வேலைக்கு வைத்தால். வீரரைச் சுயதொழில் செய்பவராக எழுதினால் குறைந்தபட்சம் 1.64 மடங்காகும், 40,045 என்பது 65,673 ஆகும். கேட்க லாபம் மாதிரி இருக்கும். ஆனா காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, வரி எல்லாம் அவர் கையிலிருந்து போகணும். 24 வயசுப் பையன் 65 ஆயிரத்தைப் பார்த்து நிம்மதியாகச் செலவழித்துவிட்டு, மறுவருசம் வரி நோட்டீஸ் வரும்போது வெப்ராளப்படுவான். ஆகவே ரெண்டு அணியின் சலுகையை ஒப்பிடுமுன் ரெண்டும் ஒரே வகை ஒப்பந்தமா என்று பார்க்கணும். 45 ஆயிரம் சம்பள வேலை, 62 ஆயிரம் சுயதொழில், இந்த ரெண்டில் முதலாவதுதான் பெரிசு. ரெண்டாவது வேர்ல்டு டீமில் என்றால் விதிப்படி செல்லவே செல்லாது.

புதுமுகம் என்பதற்கும் வரையறை உண்டு: 25 வயசு நிறைகிற வருசத்துக்குள் முதல்முறையாகத் தொழில்முறை அணியில் சேர்கிறவர். அவருக்கு ஒப்பந்தம் குறைந்தது ரெண்டு வருசம் கொடுத்தாகணும். முதல் வருசத்தில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்கிற பையன்களுக்கு இந்த ஒரு விதிதான் சோறு போடுது.

பெண்கள் வேர்ல்டு டீமில் 2020-ல் தான் குறைந்தபட்சம் என்றே ஒன்று வந்தது: 15,000. பிறகு 2021-ல் 20,000, 2022-ல் 27,500, 2023-ல் 32,102. கடைசி எண் ஆண்கள் புரோ டீமுக்குச் சமம்.

கான்டினென்டல் அணி என்கிற மூன்றாம் படியில் யு.சி.ஐ. குறைந்தபட்சமே கிடையாது. ஆசியாவிலிருந்து ஒரு வீரர் “யு.சி.ஐ. அணியில் ஒப்பந்தம்” என்று செய்தி வந்தால் எந்தப் படி என்று கேட்காமல் போஸ்டர் அடிக்காண்டாம். சம்பளமே இல்லாமல் சைக்கிளும் ஜெர்சியும் பயணச்செலவும் மட்டும் கொடுக்கிற அணியும் அந்தப் படியில் உண்டு.

கொளச்சல் ரோடு

பரிசுப் பணத்தையும் சேர்த்துச் சொல்லிருங்க பெடல் அண்ணாச்சி.

பார்வதிபுரம் பெடல்

அதுக்கு உங்க கடற்கரைக் கணக்கு அச்சாகப் பொருந்தும். டூர் ஜெயித்தவருக்கு 5,00,000 யூரோ, ஒரு கட்டம் (ஒரு நாள் ஓட்டம்) ஜெயித்தால் 11,000. அதை ஜெயித்தவர் தனியாக எடுத்துக்கொள்வது வழக்கமில்லை. பிடித்த மீனில் பங்கு பிரிப்பது மாதிரி அணிக்குள் பிரியும், மெக்கானிக்குக்கும் மசாஜ்காரருக்கும்கூட ஒரு பங்கு போகும். ஜெயித்தவருக்கு வருமானம் போனஸிலும் அடுத்த ஒப்பந்தத்திலும்தான் வருது. ஜூலையில் ஒரு கட்டம் ஜெயித்த ஆளுக்கு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிகிறது என்றால் அதைவிட நல்ல நேரம் கிடையாது.

வடசேரி டைனமோ

புள்ளிக் கணக்கு நான் சொல்லுகேன். பெட்டியோலை ஏன் ஆகஸ்டிலேயே எடுத்தாங்க என்றால், வீரர் தன் புள்ளிகளோடு வருவார். அவர் இ.எஃப்-ல் சேர்த்ததெல்லாம் அஸ்தானா கணக்கில் ஏறும். புள்ளி குறைந்து வேர்ல்டு டீம் படியிலிருந்து தாழ்த்தப்படாமல் தப்பிக்கப் பார்க்கிற அணிகள் எல்லாம் புள்ளி உள்ள ஆளைத் தேடுவது இதுக்குத்தான்.

ஆரல் எதிர்காத்து

டைனமோ லே, பழைய பஞ்சாங்கம் வாசிக்காதே. நீ சொல்வது 2010-ஐ ஒட்டிய காலத்து முறை. இப்போ அப்படியில்லை.

அன்றைக்கு உரிமம் கொடுக்க அணியின் பலத்தை அளக்கும்போது, அடுத்த வருசம் யார் யார் அந்த அணியில் இருக்கப்போகிறார்களோ அவர்களுடைய புள்ளியைக் கூட்டினார்கள். அதனால் புள்ளி ஆளோடு நடந்தது. விளைவு வேடிக்கையானது. ஆசியத் தொடர்களில் புள்ளி சேர்த்த வீரர்களுக்கு ஐரோப்பாவில் திடீர் கிராக்கி. 2012-க்கு ஏ.ஜி.2.ஆர். அணி ஈரானின் அமீர் சர்காரியை எடுத்தது அப்படித்தான். ஆசியத் தொடரில் ஜெயிப்பதும் பெல்ஜியத்துக் கல்லுச்சாலையில் குறுக்குக்காற்றில் நிலைப்பதும் வேறவேற வேலை. ஆளின் கால் யாருக்கும் தேவைப்படவில்லை, புள்ளிதான் தேவைப்பட்டது.

இப்போதைய முறையில் மூன்று வருசம் ஒரு சுற்று. 2020–22 ஒன்று, 2023–25 அடுத்தது. சேர்த்த புள்ளி சேர்த்த நேரத்தில் எந்த ஜெர்சியோ அந்த அணிக்கே. ஆள் போனாலும் புள்ளி நிற்கும். முதல் சுற்றில் அணியின் முதல் 10 பேர் புள்ளி மட்டும், ரெண்டாவதில் முதல் 20 பேர். முதல் சுற்று முடிவில் லோட்டோ சூடாலும் இஸ்ரேலும் கீழே போய், ஆல்பெசினும் ஆர்கேயாவும் மேலே வந்தன.

புள்ளி ஆளோடு நடக்காது என்றால் பெட்டியோல் ஆகஸ்டிலேயே ஏன்? ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அவர் எடுக்கும் புள்ளி அஸ்தானா கணக்கில் விழும், அதுக்குத்தான். பழைய புள்ளிக்காக இல்லை.

யாரைத் தேடணும் என்பதும் மாறிப்போச்சு. 2023–25 சுற்றின் எண்ணைப் பாருங்க: சின்ன ஒருநாள் போட்டி, 1.1 வகை, ஜெயித்தால் 125 புள்ளி. 2.1 வகைப் பலநாள் போட்டியில் ஒரு கட்டம் ஜெயித்தால் 14. டூரில் கட்டம் ஜெயித்தால் 210. டூர் ஜெயித்தால் 1,300. ஆக, ஊர்பேர் தெரியாத பிரெஞ்சு, இத்தாலிய ஒருநாள் போட்டிகளில் மாதம் ரெண்டுமுறை முதல் ஐந்தில் வருகிற 30 வயசு வீரர், டூரில் ஒரு கட்டத்துக்காக மூன்று வாரம் துரத்துகிற வீரரைவிட கணக்குப்பிள்ளைக்கு இனிப்பானவர். 20 பேர் கணக்கு என்றானதும் அணிக்கு நடுத்தரமானவர்கள் 15 பேர் தேவைப்பட்டார்கள். 2025-க்கு அஸ்தானா உல்லிசி, ஹிகீத்தா, பூல்ஸ், ஷாம்பூசான், தூனிசன் என்று வரிசையாக எடுத்ததைக் கேலி செய்தவர்கள் நிறைய. 2025 கடைசியில் அணி தப்பித்தது. கோஃபிடிஸ்தான் கீழே போச்சு.

வடசேரி டைனமோ

சரி, ஒத்துக்கிட்டேன். பெயரை மட்டும் கேலி செய்யாண்டாம், டைனமோ உருண்டால்தான் வெளிச்சம். என் பாடத்துக்கு வருகேன்: ஆள் மாறினால் சைக்கிளில் என்னென்ன மாறும்?

ஒப்பந்தம் டிசம்பர் 31 வரை பழைய அணியோடுதான். ஆனா டிசம்பரில் ஸ்பெயினில் கால்ப்பே பக்கம் புது அணியின் முகாம் நடக்கும். பழைய அணி அனுமதி கொடுத்தால் அங்கே போவார். ஜெர்சி வெறுமையாகவோ பழையதாகவோ இருக்கும். புது ஜெர்சியோடு அவர் படம் பெரும்பாலும் ஜனவரி 1-க்கு முன் வெளியே வராது.

முதல் வேலை அளவு மாற்றுவது. பழைய சைக்கிளின் அளவை அப்படியே புதுசில் வைத்தால் சரியாகிவிடும் என்பது தப்பு. சீட்டு உயரத்தை பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை அளக்கிறோம். புது அணியில் சீட்டுக் கம்பெனி மாறியிருக்கும். ஒன்று வளைவாக, ஒன்று தட்டையாக, ஒன்று மூக்கு குட்டையாக இருக்கும். அதனால் சீட்டின் அகலம் 80 மி.மீ. ஆகிற இடத்தைக் குறித்து, ரெண்டு சைக்கிளிலும் அங்கிருந்தே அளக்கணும். மூக்கு நுனியிலிருந்து பின்தள்ளலை அளந்தால் குட்டை மூக்குச் சீட்டில் ரெண்டு மூன்று செ.மீ. பொய் சொல்லும்.

கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளம் அடுத்தது. 172.5 மி.மீ.-லிருந்து 165-க்கு இறக்கினால் பெடல் கீழ்ப்புள்ளியில் 7.5 மி.மீ. மேலே வந்துவிடும், சீட்டையும் அதே 7.5 ஏற்றணும். ஏற்றினால் கைப்பிடிக்கும் சீட்டுக்குமான இறக்கம் 7.5 கூடும். அதைச் சரிசெய்ய ஸ்டெம்முக்கு (கைப்பிடியைப் பிடித்திருக்கும் துண்டு) அடியில் வளையம் வைக்கணும். பெடல் கம்பெனியும் ஷூவும் மாறினால் அடிப்பாகத் தடிப்பில் சில மி.மீ. வித்தியாசம், திரும்ப முதலிலிருந்து.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யக்கூடாது. வாரத்துக்கு 2, 3 மி.மீ. என்று நகர்த்துவார்கள், அதற்குத்தான் டிசம்பர். அவசரப்பட்டால் முதலில் முழங்கால் பேசும். முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனா தேடத் தொடங்குகிற இடம் அது.

வெளியே தெரியாத சிக்கல் பவர் மீட்டர், மிதிக்கிற வலுவை வாட்டில் அளக்கிற கருவி. ஒவ்வொரு கம்பெனியும் ஒன்றரை, ரெண்டு சதவீதம் முன்பின் இருக்கும் என்றுதான் சொல்லும். 400 வாட்டில் ரெண்டு சதவீதம் என்றால் 8 வாட். பழைய மீட்டர் 8 கூட்டிக் காட்டியது, புதுசு 8 குறைத்துக் காட்டியது என்றால் ஆள் அதே ஆள், காகிதத்தில் 16 வாட் காணாமல் போயிருக்கும். புதுப் பயிற்சியாளர் அதைப் பார்த்து சுமையைக் கூட்டினால் பிப்ரவரியில் ஆள் படுத்துவிடுவார். பழைய மீட்டரும் புது மீட்டரும் சேர்த்து மாட்டி ஒரே மேட்டில் சில நாள் ஓட்டிப்பார்த்து வித்தியாசத்தைக் குறித்துவைப்பதுதான் சரி. பெருஞ்சாணிப் பக்கம் ஏறுகிறவர்களும் மீட்டர் மாற்றினால் இதையே செய்யலாம், காசு செலவில்லை.

கொளச்சல் ரோடு

சைக்கிள் கம்பெனியே ஆளோடு நடக்கிற கதையும் இருக்கே. 2017-க்கு பீட்டர் சாகன் டின்காஃப் அணி கலைந்ததும் போராவுக்கு வந்தபோது தனியாவா வந்தார்? அண்ணன் யூராய், போட்னர், பாஷ்கா, கோலார், கூடவே ஸ்பெஷலைஸ்டு சைக்கிள். 2022-க்கு டோட்டல் எனர்ஜிஸுக்குப் போனபோதும் அதேபோல ஒரு குழுவும் ஸ்பெஷலைஸ்டும் கூடவே போச்சு. சம்பளத்தில் ஒரு பகுதியைச் சைக்கிள் கம்பெனி தாங்கும்போது, அந்தக் கம்பெனி இல்லாத அணிக்குப் போவது கஷ்டம். ரெம்கோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய அணியும் ஸ்பெஷலைஸ்டு, புது அணியும் ஸ்பெஷலைஸ்டு.

குலசேகரம் மலையேறி

ஸ்பிரின்ட்டர்களுக்கு (கடைசி நூறு மீட்டர்களில் பாய்ந்து ஜெயிக்கிறவர்கள்) இப்படிக் குழு கூட வருவது ஆடம்பரமில்லை, வேலைக்கருவி. கேவண்டிஷைப் பாருங்க. 2022 கடைசியில் பி & பி ஹோட்டல்ஸ் அணிக்குப் போவதாக இருந்தது. ஸ்பான்சர் கிடைக்காமல் டிசம்பரில் அணியே இல்லாமல் போச்சு. 2023 ஜனவரியில் அஸ்தானா எடுத்தது. அந்த வருசம் டூரில் விழுந்து வெளியேறினார். 2024-க்கு அணி என்ன செய்தது? குயிக்-ஸ்டெப்பில் அவருக்கு முன்னே ஓட்டி வழியமைத்துப் பழகிய மோர்கோவைக் கொண்டுவந்தது, அங்கிருந்தே பயிற்சியாளர் அனஸ்டோபுலோஸையும் கொண்டுவந்தது. 2024 ஜூலை 3, சென்-வுல்பாஸில் டூரில் தன் 35-வது கட்டத்தை ஜெயித்தார். கடைசி 300 மீட்டரில் எந்தத் தோளுக்குப் பின்னால் போகணும் என்று யோசிக்காமல் இருக்க வருசக்கணக்கான பழக்கம் வேணும். அது தனி ஆளை எடுத்தால் வராது.

அணி கலைவது பற்றி ரெண்டு வரி. பதிவுக்கு அணி வங்கி உத்தரவாதம் கட்டணும், சம்பளம் நின்றால் வீரர் அதிலிருந்து எடுக்கலாம். அது சில மாதத்துக்குத்தான் தாங்கும். உரிமம் கிடைக்காத அணியோடு போட்ட ஒப்பந்தம் வெறும் காகிதம். நவம்பரில் அணி கலைந்தால் மற்ற அணிகளில் பட்டியல் கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். வேர்ல்டு டீமுக்குக் குறைந்தது 27 பேர், மேல்பக்கம் 30-ஐ ஒட்டித்தான். மீதியிருக்கிற ஒன்றிரண்டு இடத்துக்கு 20 பேர் முட்டும்போது எல்லாரும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கே கையெழுத்து போடுவாங்க. 2025 கடைசியில் ஆர்கேயா கலைந்தபோதும் லோட்டோவும் இன்டர்மார்ஷேவும் இணைந்தபோதும் இதுதான் நடந்தது: ரெண்டு பட்டியலை ஒன்றாக்கினால் இருக்கை பாதிதான். அதே வருசம் கிளம்புகிற யாருக்கும் பேரம்பேச வலு குறைந்துபோச்சு.

தூத்தூர் ஸ்ட்ரைக்கர்

ஒருபாடு கிடைச்சுது, நன்றி. கடைசியா ஒன்று. பொகாச்சருக்கு யு.ஏ.இ. அணியில் 2030 வரை ஒப்பந்தம், வெளியேற 200 மில்லியன் யூரோ என்று செய்தி வந்ததே. அது பந்துகளி மாதிரி விலைச்சீட்டுத்தானே?

முப்பந்தல் காத்து

விலைச்சீட்டு இல்லை, வேலி. 2024 அக்டோபரில் நீட்டித்தபோது வந்த எண் அது. அந்தத் தொகை ஒரு பெரிய அணியின் பல வருசச் செலவு. யாரும் கொடுக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதுவது.

வேலி போட்டாலும் ஆள் மனசு மாறினால் அணி பிடித்துவைப்பதில்லை என்பதற்கும் அதே அணியில் சாட்சி இருக்கு. அயூசோவுக்கு 2028 வரை ஒப்பந்தம். 2025 வுயெல்ட்டா (ஸ்பெயினின் மூன்று வாரத் தொடர்) ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிவதாக அறிவித்தார்கள், லிடில்-டிரெக்குக்குப் போனார். பிட்காக்குக்கு இனியோஸில் 2027 வரை. 2024 டிசம்பரில் முடித்துக்கொண்டு க்யூ36.5-க்குப் போனார். அது புரோ டீம், 2025-ல் டூருக்கு அழைப்பு வரவில்லை. ஆனா இத்தாலியின் ஜிரோவுக்கும் வுயெல்ட்டாவுக்கும் வந்தது, வுயெல்ட்டாவில் மூன்றாவது.

ஆகவே தலைப்புக்குத் திரும்பினால், “ரெட் புல் ரெம்கோவை வாங்கியது” என்று எழுதாண்டாம். “ஒப்பந்தம் ஒரு வருசம் மீதியிருக்க, மூன்று தரப்பும் பேசி முடித்து ரெட் புல்லில் சேர்ந்தார்” என்று எழுதுங்க.

தூத்தூர் ஸ்ட்ரைக்கர்

தலைப்புக்கு நீளம் அண்ணாச்சி.

கொளச்சல் ரோடு

“அடைத்துக் கூட்டிட்டு வந்தது” என்று போடு மக்கா. நம்ம ஊரில் எல்லாருக்கும் விளங்கும்.